பூட்டுக்கு வைத்த சந்தனம்

காலை எட்டு மணி பதினேழு நிமிடம். திரையில் நான் முதலில் பார்த்தது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள் ஆங்கிலத்தில் ஒரே வரி: பூட்டு இல்லை, நிரல் திறக்காது. கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பெட்டி போய்த் திரை கறுப்பாகிவிடும். நிரலை மறுபடி அழைத்தால் மறுபடியும் அதே பெட்டி. நான்கு முறை அழைத்துப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், குயின் ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் தமிழ் மாத இதழ் நடந்துகொண்டிருந்தது. இதழுக்கு நாங்கள் மூன்று பேர். நான் துணையாசிரியர், கோலாலம்பூரில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவன். எழுத்தெல்லாம் தட்டுகிறவர் ஓர் அக்கா. எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் வீடு, தினமும் ஃபெரியில் வருவார். கத்தோலிக்கர். பதினான்கு வருடம் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் உட்கார்ந்து பழகிய விரல்கள் அவருடையவை. முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பிழைப்பு, கீழே மளிகைக் கடையின் பின்கட்டில் ஒரு சிறு இயந்திரத்தில் ரசீதுப் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும் அச்சடித்துக் கொடுப்பது. மாத இதழ் அவருடைய ஆசை.

பூட்டு என்று நாங்கள் சொன்னது தீப்பெட்டி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஒரு பக்கம் இருபத்தைந்து ஊசிகள், மறுபக்கம் இருபத்தைந்து துளைகள். கணினியின் பின்புறம் பிரிண்டர் வயரைச் சொருகும் இடத்தில் முதலில் இதைச் சொருகி, இதன்மேல் வயரைச் சொருக வேண்டும். தமிழில் பக்கம் கட்டுகிற நிரலை விற்றவர்கள் அதோடு இதையும் தந்திருந்தார்கள். நிரல் திறக்கும்போது பூட்டைத் தேடும். இருந்தால்தான் வேலை செய்யும். டிஸ்கெட்டை எவரும் பிரதி எடுத்துவிடலாம். பூட்டைப் பிரதி எடுக்க முடியாது.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அண்ணன் காலையிலேயே தேங்காய், பொரி, பூவெல்லாம் வாங்கி அனுப்பிவிட்டு, கீழிருந்து சத்தம் போட்டார்.

"எல்லாத்துக்கும் பொட்டு வெய்யி. ஒன்னு விடாத. அந்தப் பூட்டையும் கழட்டித் தட்டுல வெய்யி, அதான் இருக்கிறதுலயே வெல அதிகம்!"

கழற்றித் தட்டில் வைத்தேன். கத்தரிக்கோல், இரும்பு அளவுகோல், ஸ்டேப்ளர், அண்ணனின் வண்டிச் சாவி, நடுவில் பூட்டு. ஊசிப் பக்கம் மேலே இருந்தால்தான் அது சாயாமல் நின்றது. சந்தனத்தைப் பன்னீர் விட்டுத் தளரக் குழைத்திருந்தேன். பொட்டு வைத்ததும் அது ஊசிகளுக்கு நடுவே இறங்கியது.

அக்கா கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அதுக்குப் பக்கவாட்டுல வெக்கலாம்ல? குத்துவிளக்குக்கு அப்புற மாதிரி அப்புறீங்க."

"சாமி கும்பிடாதவங்க பேசக் கூடாது" என்றேன்.

"நான் உங்கள விட அதிகமா கும்பிடுவேன். எங்க சாமி சந்தனம் கேக்காது, அவ்வளவுதான்."

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. அதனால் பூட்டு இரவு முழுவதும் தட்டில் நின்றது. காலையில் வந்து, பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்றால் காய்ந்த சந்தனத்தைத் தட்டிவிட்டு, கணினியில் சொருகி, சுவிட்சைப் போட்டேன். வெளியே காய்ந்திருந்தது. உள்ளே காயவில்லை. ஈரத்தோடு மின்சாரம் விட்டதுதான் தப்பு என்று பினாங்கு ரோடு ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் பிறகு சொன்னார். பூட்டை அவர் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஹாபிஸ் லா" என்று திருப்பிக் கொடுத்தார். முடிந்தது என்று அர்த்தம்.

தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. தீபாவளி மலர் தொண்ணூற்றாறு பக்கம். வழக்கமான இதழ் விற்காவிட்டாலும் மலர் விற்கும்; அந்த வருட விளம்பரம் முழுக்க மலரில்தான் இருந்தது. அடுத்த வார சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பக்கங்களை, இதழ் அச்சடிக்கும் வெளி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அச்சகத்தில் அதற்குப் பின்னால் வாழ்த்து அட்டைகள் வரிசையில் நின்றன. எங்கள் இடம் போனால் போனதுதான். எழுபது பக்கத்துக்கான விஷயத்தை அக்கா ஏற்கெனவே தட்டி முடித்திருந்தார். எல்லாம் கணினிக்குள் இருந்தது. அந்த நிரலைத் தவிர வேறு எதில் திறந்தாலும் கட்டங்களும் கோடுகளும் வெளிநாட்டு எழுத்துகளுமாகத்தான் தெரிந்தது.

கோலாலம்பூரில் இருந்த விற்பனை முகவருக்கு ஒன்பது மணிக்குப் போன் செய்தேன். மரியாதையான மனிதர்.

"பூட்ட அனுப்பி வைங்க சார். நாங்க மெட்ராசுக்கு அனுப்புவோம். அவங்க செக் பண்ணி, வேற குடுப்பாங்க. ஆறு வாரம் ஆகும்."

"புதுசா ஒன்னு வாங்கிக்கிறோம்."

"அதுவும் அங்கருந்துதான் வரணும். எங்ககிட்ட ஸ்டாக் இல்ல. தீபாவளிக்கு முன்ன தாக் போலே சார், முடியாது."

"பூட்டு இல்லாம திறக்கிறதுக்கு ஒரு வழியும் இல்லையா? ஒரு பத்து நாளைக்கு?"

"நீங்க நல்லவருதான். ஆனா உங்க பினாங்குல நான் ஒன்னு விக்கிறதுக்குள்ள பத்து காப்பி ஓடுது. மெட்ராசுல ஆறு பேர் உக்காந்து இத எழுதியிருக்காங்க, அவங்களுக்கும் வீடு குடும்பம் இருக்கு. நான் எப்படி சார் வழி சொல்றது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் கணினியில் தமிழ் நிரலைத் தவிர மற்ற எல்லாமே கொம்தார் அங்காடிக் கடையொன்றில் டிஸ்கெட் விலைக்கு வாங்கிய பிரதிகள்தான்.

கையெழுத்துப் படிகளை வைத்து மறுபடி தட்டலாம் என்றால், படிகள் இல்லை. தட்டி முடித்த படிகளை நான் வெள்ளிக்கிழமைதோறும் கட்டாகக் கட்டி, சந்து முனையில் நிற்கும் கச்சாங் பூத்தேக்காரருக்குக் கொடுப்பது வழக்கம். வறுத்த கடலையும் பட்டாணியும் விற்பவர் அவர். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில்தான் போட்டுத் தருவார். எங்கள் எழுத்தாளர்கள் தாளின் ஒரு பக்கம்தான் எழுதுவார்கள், தாளும் கனமாக இருக்கும். அன்று பத்தரை மணிக்கு அவர் வண்டியருகே போய் நின்றேன். தகரப் பெட்டியில் சுருட்டி அடுக்கியிருந்த கூம்புகளைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு சிறுகதையின் மூன்றாம் பக்கமும் ஏழாம் பக்கமும் கிடைத்தன. சமையல் குறிப்பு ஒன்று முழுதாகக் கிடைத்தது.

"மத்ததெல்லாம் போச்சு சார்" என்றார் அவர். "ஸ்கூல் பிள்ளைங்க தின்னுட்டுத் தூக்கிப் போட்டிருக்கும். முக்கியமான பேப்பரா?"

"இல்ல" என்றேன்.

மதியம் அண்ணன் மாடிக்கு வந்தார். உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனத்தையும் சொன்னேன், சொல்லாமலும் அவருக்குத் தெரியும்.

"நான்தான் எல்லாத்துக்கும் வெக்கச் சொன்னேன்" என்றார். "உன்னத் திட்ட முடியாது. ஆனா ஒன்னு. இந்த மலர் வரலன்னா நான் பத்திரிகைய நிறுத்திடுவேன். விளம்பரக்காரன் மூஞ்சில முழிக்க முடியாது. கீழ பில் புக் வேலைக்கு உங்க ரெண்டு பேரையும் வெச்சிக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும்."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. அக்காவின் கணவர் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்து, முதுகு போய் ஒரு வருடமாக வீட்டில் இருந்தார். நான் விட்டுவந்த நாளிதழில் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இதெல்லாம் மூன்று பேருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதைப் பேசவில்லை.

மாலையில் மேசை இழுப்பறையைக் கிளறியபோது அந்தக் கடிதம் கிடைத்தது.

எங்களுக்கு ஒரு வாசகி இருந்தார். மாதாமாதம் எங்கள் இதழை எங்களுக்கே தபாலில் திருப்பி அனுப்புவார், அச்சுப் பிழைகளுக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு. பெயரும் முகவரியும் தெளிவாக இருக்கும். கெலுகோரில், பல்கலைக்கழகக் கணினி மையத்தில் நிரல் எழுதுகிறவர். ஜூன் மாத இதழோடு அவர் வைத்திருந்த கடிதத்தில் கடைசிப் பத்தி இது: "தமிழில் பக்கம் கட்ட ஓர் இலவச நிரல் இருக்கிறது. வெளிநாட்டில் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கும் தமிழர் எழுதியது. மூல நிரலையும் சேர்த்தே கொடுக்கிறார். விருப்பமானால் வந்து காட்டுகிறேன்." ஓரத்தில் என் கையெழுத்தில், நீல மையில்: பதில் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை அவர் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"நாலு மாசம் ஆச்சு அண்ணே" என்றார். "நான் பத்திரிகையே நின்னு போச்சோன்னு நினைச்சேன்."

"இன்னும் நிக்கல. அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

முழுக்கக் கேட்டார். சந்தனம் வந்த இடத்தில் மட்டும் அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று நான் கேட்கவில்லை.

"எழுத்து எங்கயும் போகல அண்ணே. வேற சட்டை போட்டுக்கிட்டு உள்ள உக்காந்திருக்கு. போன மாச இதழ் அச்சடிச்சது இருக்குல்ல? அதோட ஃபைலும் இருக்குல்ல? அது போதும். நாளைக்கு மத்தியானம் வர்றேன்."

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம்; பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சுதான், 'ஆமாம்' என்பதற்கு மட்டும் 'ஓம்' என்றார். தோள்பையில் ரப்பர் பேண்ட் போட்ட பதினொரு டிஸ்கெட்டுகள். அண்ணன் அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு எதிரில் நின்றுகொண்டார்.

"சும்மா குடுக்கிறான்னா உள்ள என்னமோ இருக்கும் லா. எவன் சும்மா குடுப்பான்?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கத்தான் அண்ணே மூல நிரலையும் குடுத்திருக்கார். நீங்க காசு குடுத்து வாங்கினதுலதான் என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

"சரி, கெட்டுப்போச்சுன்னா யாரக் கேக்கிறது?"

"எழுதினவரக் கேக்கலாம். ஆனா பதில் சொல்லணும்னு அவருக்குக் கட்டாயம் கிடையாது."

"அப்புறம்?"

"காசு வாங்கினவங்களுக்குக் கட்டாயம் இருந்துச்சே. அவங்க என்ன சொன்னாங்க?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ண எங்கய்யா புடிச்ச?"

"மாசாமாசம் சிவப்பு வட்டம் வருதுல்ல? அது இவங்கதான்."

"அலாமா!" என்றார் அண்ணன். "அந்த வட்டமா!" சொல்லிவிட்டுக் கீழே தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

டிஸ்கெட்டுகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தபோது, ஏன் இதில் இவ்வளவு ஈடுபாடு என்று கேட்டேன். கேள்வி கேட்பது எனக்குத் தொழில் பழக்கம். படிப்பு முடிந்து முதல் வேலை ஒரு மென்பொருள் கம்பெனியில் என்றார். மாக் மண்டின் தொழிற்சாலைகளுக்குச் சரக்குக் கணக்கு நிரல் எழுதுவார்களாம். நான்கு வருடம் எழுதினார். நல்ல சம்பளம். பிறகு கம்பெனி மூடிப்போனது. எழுதியதெல்லாம் கம்பெனியின் சொத்து. கம்பெனியின் சொத்தெல்லாம் ஏதோ ஓர் அலமாரியில் முத்திரை வைத்துப் பூட்டப்பட்டது.

"ஒரு தொழிற்சாலைக்காரர் எனக்கே போன் பண்ணி, ஒரு சின்ன மாத்தம் செஞ்சு தாம்மான்னு அழாத குறையா கேட்டார். என் கைப்பட எழுதினது. என்னால தொட முடியல. அது போட்டும், அங்க சம்பளம் வாங்கினதாலதான் நான் நிரல் எழுதவே கத்துக்கிட்டேன். குறை சொல்லல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "குறைதான் சொல்றேன்" என்றார்.

டிஸ்கெட்டோடு வந்த தாளில், இந்த நிரலுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, பயன்படுத்துவது உங்கள் பொறுப்பு என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. நாங்கள் விலை கொடுத்து வாங்கிய நிரலின் உறையை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அதிலும் அதேதான் இருந்தது, சிறிய எழுத்தில்.

வேலை எளிமையானது, ஆனால் நீளம். போன மாத இதழின் ஃபைலை அவர் குறிகளும் எண்களுமாக அச்சடித்தார். அச்சான இதழைப் பக்கத்தில் வைத்தோம். இந்தக் குறி வந்தால் இந்த எழுத்து என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். நான் குறியைச் சொல்ல, அவர் இதழைப் பார்த்து எழுத்தைச் சொல்ல, ஒரு மணி நேரத்தில் இருநூறு குறிகளில் நாற்பதுதான் ஆகியிருந்தது. அக்கா அதுவரை ஜன்னலருகே உட்கார்ந்து எங்கள் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இப்படித் தடவுறீங்க?" என்றார். "இது டைப்ரைட்டர் வரிசைதானே?"

"எது அக்கா?"

"இந்த நம்பரு. மேல் வரிசை எடது பக்கத்துலருந்து அப்படியே வருது. இது மூணாவது சாவி, இது ஷிப்ட்டோட மூணாவது சாவி. இருங்க."

கண்ணை மூடிக்கொண்டு, எதிரில் இயந்திரம் இருப்பதுபோல மேசையில் விரல்களை வைத்தார். நான் எண்ணைச் சொன்னேன். அவர் விரல் அசையும். எழுத்து வாயில் வரும். நிரலை எழுதிய அந்த ஆறு பேரில் யாரோ ஒருவர் பழைய தட்டச்சு இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துகளுக்கு எண் போட்டிருக்கிறார். ஐந்தரை மணிக்குள் இருநூறும் முடிந்தது. மூன்று எழுத்துகள் மட்டும் எங்கும் பொருந்தவில்லை. அவற்றுக்குக் கேள்விக்குறி போட்டோம்.

"அக்கா, நீங்க எங்க மையத்துக்கு வேலைக்கு வாங்க" என்றார் கெலுகோர்த் தங்கை; அதற்குள் அவரை அப்படித்தான் கூப்பிடத் தொடங்கியிருந்தோம்.

"ஃபெரியும் ஏறி, அங்கருந்து கெலுகோருக்கு பஸ்ஸும் ஏறணுமா? போம்மா."

ஞாயிறன்று தங்கை தன் வீட்டில் உட்கார்ந்து, பட்டியலை வைத்து எழுத்து மாற்றுகிற ஒரு சிறு நிரலை எழுதிவிட்டார். திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு வந்தார். காலை பதினொன்று நாற்பதுக்கு எங்கள் லேசர் பிரிண்டர் ஒரு பக்கத்தை வெளியே தள்ளியது. மலரின் முதல் சிறுகதை. முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரியையும் படித்தேன். பிழை தேடும் கண்ணோடு ஒரு பத்தி முழுக்கப் படித்துவிட்டு, அந்தக் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி படித்தேன். கதை அப்படியே இருந்தது. அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள், மழை பெய்துகொண்டிருந்தது.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு முதலில் தெரிந்தது பசி. வியாழக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கீழே ஓடிப்போய் மூன்று நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்கிவந்தேன். மூவரும் பிரிண்டரைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். தாள் வந்துகொண்டே இருந்தது.

அண்ணன் ஒரு பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "எழுத்து ஒல்லியா இருக்கே. பட்டினி கிடந்த மாதிரி."

"படிக்க முடியுதா அண்ணே?" என்றார் அக்கா.

"முடியுது, முடியுது."

தலைப்புகளுக்கு ஏற்ற தடித்த எழுத்து இலவச நிரலில் இல்லை. நாளிதழில் கற்ற வித்தை ஒன்று கைகொடுத்தது: எங்கள் பழைய இதழ்களிலிருந்து பெரிய எழுத்துகளைக் கத்தரித்து, பசை தடவி, அளவுகோல் வைத்து ஒட்டித் தலைப்புகளைக் கட்டினேன். பிழைப்பு போய்விடுமோ என்ற நினைப்பு ஒட்டும்போது வரவில்லை. கை வேலையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேறொரு தொல்லை. விளம்பரத்தோடு வரும் பக்கங்களில் விஷயத்தை அருகருகே இரண்டு பத்தியாகப் போட வேண்டும். பத்தி ஒடுங்கியதும் நிரல் தமிழ்ச் சொற்களை வரிக்கடைசியில் உடைக்க மறுத்தது. நீளமான சொல் வந்தால் அதை அப்படியே அடுத்த வரிக்குத் தள்ளியது. ஒரு வரியில் இரண்டு சொல், நடுவில் ஒரு லாரி போகும் அளவுக்கு இடைவெளி. நாற்பது பக்கம் அப்படி இருந்தது. பழைய நிரல் கண்ட இடத்தில் உடைக்கும். இது உடைக்கவே உடைக்காது.

"எழுதினவருக்கு மின்னஞ்சல் போடுறேன்" என்று தங்கை கெலுகோருக்குக் கிளம்பினார். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்தில்தான் அந்த வசதி இருந்தது.

"பதில் சொல்லக் கட்டாயம் இல்லன்னியே" என்றார் அண்ணன்.

"ஓம், இல்ல."

அன்று பிற்பகல் நான் செய்ததை எழுதுவதற்கில்லை, ஒன்றும் செய்யவில்லை. அக்கா, நாங்கள் கேள்விக்குறி போட்டிருந்த மூன்று எழுத்துகளைத் திரையில் தேடித் தேடிக் கையால் திருத்திக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை ஒன்பது ஐந்துக்குப் போன் வந்தது.

"பதில் வந்திருக்கு அண்ணே. அவருக்கு ராத்திரி, நமக்குப் பகல். இந்தக் குறைய இதுவரைக்கும் யாரும் சொல்லலியாம். யாரும் பத்திரிகை அளவுக்குப் பத்தி கட்டல போல. பன்னிரண்டு வரி அனுப்பியிருக்கார், நிரல்ல எந்த இடத்துல போடணும்னும் சொல்லியிருக்கார். நான் போட்டுப் பாத்துட்டேன். உடைக்குது."

"சரியா உடைக்குதா?"

"உங்க பழைய நிரல விட நல்லா உடைக்குது. எனக்கு வட்டம் போட வேலை இல்லாமப் போகப் போகுது."

மதியம் புதிய டிஸ்கெட்டோடு வந்தவர் இன்னொன்றையும் சொன்னார். நிரலை எழுதிய அந்த மனிதர் நம் பட்டியலைக் கேட்டிருக்கிறார். இதே பூட்டு நிரலில் எழுத்து மாட்டிக்கொண்டவர்கள் பல ஊர்களில் இருப்பார்கள். பட்டியலை நிரலோடு சேர்த்து வைத்தால் அவர்களுக்கும் உதவும் என்று எழுதியிருந்தார். கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பன்னிரண்டு வரி உங்களுக்குத்தான் என்றும் எழுதியிருந்தார்.

அண்ணனுக்கு முகம் மாறியது. "நாம கஷ்டப்பட்டுப் போட்டது. ஊருக்குக் குடுத்தா கோலாலம்பூர்ல இருக்கிற அந்த இன்னொரு பத்திரிகைக்காரனும்தான் எடுத்துக்குவான். அவன்கிட்டயும் இதே பூட்டுதான் இருக்கு. அவனுக்கு நான் வழி போட்டுக் குடுக்கணுமா?"

அக்கா தட்டுவதை நிறுத்தினார்.

"அண்ணே, பட்டியல் போட்டது நானும் தம்பியும் இந்தப் புள்ளையும். நீங்க அப்ப கீழ டீ குடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

"நான் டீ குடிச்சது தப்பா?"

"தப்பில்ல. டீ குடிச்சவரு பட்டியலுக்கு உரிமை கேக்குறதுதான் தப்பு."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரி குடுங்க போ. ஆனா மலர் கடைக்குப் போனப்புறம். அதுக்கு முன்ன ஒரு எழுத்து வெளிய போகக் கூடாது."

கோலாலம்பூர் முகவருக்கு இதைத் தெரிவிப்பதுதான் முறை என்று எனக்குப் பட்டது. போன் செய்து, எங்கள் எழுத்தை வேறு நிரலுக்கு மாற்றிவிட்டோம், பட்டியல் போட்டுத்தான் செய்தோம் என்றேன்.

"எனக்கு இதெல்லாம் சொல்லாதீங்க சார்" என்றார். "நான் கேக்கல, உங்களுக்கும் ஞாபகம் இல்ல." வைக்கப் போனவர், குரலை இறக்கினார். "ரெண்டு பத்தி நல்லா வருதா?"

"வருது."

"எங்களோடதுல அதுதான் வராது. நான் மூணு வருஷமா மெட்ராசுக்கு எழுதிப் போட்டுக்கிட்டே இருக்கேன்."

வியாழனும் வெள்ளியும் வேலை மட்டும்தான். அக்கா மீதி இருபத்தாறு பக்கங்களைத் தட்டினார். தட்டுவதும் புதிய நிரலில்தான், சாவி வரிசையைத் தங்கை அக்காவின் விரலுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுத்திருந்தார். விலை கொடுத்து வாங்கியதில் அப்படி ஒரு சாவியை மாற்றித் தரும்படி கேட்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. நான் ஒட்டினேன். அண்ணன் விளம்பரங்களைச் சரிபார்த்தார். வெள்ளிக்கிழமை மாலை கச்சாங் பூத்தேக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். இந்த வாரம் தாள் இல்லையா என்றார். இனிமேல் இதழ் வெளிவந்த பிறகுதான் தாள் என்றேன். ஒரு கூம்பு பட்டாணியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பகல் பதினொன்று இருபதுக்குத் தொண்ணூற்றாறு பக்கங்களையும் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, அச்சகத்துக்கு நானே நடந்து கொண்டுபோனேன். மேற்பார்வையாளர் பக்கங்களை எண்ணினார். எழுத்து புதுசா இருக்கே என்றார். ஆமாம் என்றேன். திரும்பி வரும்போது பினாங்கு ரோடு வெயிலில் நிழல் தேடாமல் நடந்தேன். ஒரு கடை வாசலில் நின்று குளிர்ந்த கரும்புச் சாறு ஒன்று குடித்து, இன்னொன்றும் குடித்தேன்.

புதன்கிழமை மலர் கடைகளுக்குப் போனது. தங்கைக்கு முதல் பிரதியைத் தபாலில் அனுப்பவில்லை. அக்காவே நேரில் அவர் கையில் கொடுத்தார். தங்கை அங்கேயே நின்று புரட்டினார். பை ஓரத்தில் சிவப்புப் பேனா செருகியிருந்தது. எடுக்கவில்லை. "வீட்டுல போய்ப் பாக்கிறேன்" என்றார். அன்று மாலையே பட்டியலை அனுப்பிவிட்டதாக மறுநாள் போனில் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை அண்ணன் மாடிக்கு வந்தபோது, நானும் அக்காவும் அவரவர் மேசையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். அவர் ஜன்னலருகே போய் நின்று சந்துப் பக்கம் பார்த்தார். என் மேசைக்கு வந்து நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தார். பிறகு போனை எடுத்து, எண்ணைச் சுழற்றி, நவம்பர் இதழுக்கு எட்டு ரீம் பேப்பர் அனுப்பச் சொன்னார்.